அரைக் கட்டை

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், அக்பர் பாஷா வீட்டு முன்னறையில் ஒரு பியானோ இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். அன்றைக்கே பாதிப் பேர் நம்பவில்லை. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை, அடையாற்று பங்களாவைக் காலி செய்தபோது, உளுத்துப் போனதை எடுத்துக்கொள் என்று தள்ளிவிட்டுப் போனது அது. மாட்டுவண்டியில் அது வந்து இறங்கிய அன்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பியானோ உள்ளே நுழைந்ததும் கட்டில் வெளியே போயிற்று. ஹமீதுன்னிசா ஒரு மாதம் புருஷனோடு பேசவில்லை.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதுதான் அக்பர் பாஷாவின் தொழில். பட்டணத்தில் அவர் கை படாத பியானோ இல்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடற்காற்று பட்டு கம்பியெல்லாம் துருவேறிக் கிடக்கும். முழுச் சுருதிக்கு இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். புதுக் கம்பி சீமையிலிருந்து வரவேண்டும். யுத்த காலத்தில் அரிசிக்கே வழியில்லை, கம்பிக்கு எங்கே போவது? ஆகவே எந்தப் பியானோவானாலும் அரைக் கட்டை இறக்கித்தான் சுருதி சேர்ப்பார். ஒரு கட்டையை அழுத்தினால், அதற்கு இடப்பக்கத்துக் கட்டையின் ஓசை கேட்கும். பியானோ பிழைத்தது, வாசித்தவர்களில் யாரும் குறை சொல்லவில்லை. ஒட்டுமொத்தமாக எல்லாமே இறங்கினால் யாருக்குத் தெரியும்?

மகன் ஷாஹுல் ஹமீது பத்து வயதிலிருந்து வாசித்தான். அடையாற்றில் மிஸ் டிக்ரூஸ் என்ற ஆங்கிலோ இந்திய டீச்சரம்மா வீட்டில் பாடம், சைதாப்பேட்டையில் சாதகம். அவன் காது பொல்லாத காது. ரயில் ஊதினால், அது எந்தக் கட்டை என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வான். அவன் தொட்ட இரண்டு பியானோக்களும் அவன் அத்தா சுருதி சேர்த்தவை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நாற்பத்தெட்டாம் வருஷம், சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில், உலகத்து இளம் வாத்தியக்காரர்களுக்குப் போட்டி என்று டீச்சரம்மாவுக்குக் கடிதம் வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். இருபத்தொரு வயது தாண்டினால் கிடையாது. ஷாஹுலுக்குப் பத்தொன்பது. இதை விட்டால் அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தை அவன் மடிப்பு கிழியும்வரை படித்தான். பரிசு என்ற இடத்தில் அவன் கண் நின்றதே இல்லை. வருகிறவர்கள் எல்லாரையும் ஒரே வீட்டில் தங்க வைப்பார்கள், அறைக்கு ஒரு பியானோ உண்டு என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில்தான் அவன் குடியிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தன் வயதில் ஒருவன் அதே பக்கத்தை வாசித்துத் தடுக்குவதைக் கேட்கவேண்டும். போய்க் கதவைத் தட்டி, 'எனக்கும் அந்த இடம் வரமாட்டேங்குது' என்று சொல்லவேண்டும். சைதாப்பேட்டையில் அவன் யாரிடம் அதைச் சொல்வான்? கறிக்கடை வலியுல்லாவிடமா? அவனுக்கு ஏக்கம் தாங்கவில்லை. சோறு இறங்கவில்லை.

யாரை அனுப்புவது என்று பார்க்க, பரீட்சகர் ஒருவர் பம்பாயிலிருந்து வந்தார். லஸ்ஸில் வக்கீல் கஸ்தூரிரங்கன் வீட்டுக் கூடத்தில் பரீட்சை. வக்கீல், வெள்ளைக்காரன் சங்கீதத்தின்மேல் பித்துக்கொண்ட மனுஷர். கூடத்தில் பெரிய பியானோ வைத்திருந்தார். பரீட்சைக்கு முன்னால் போட்டியாளர் யாரும் அதைத் தொடக்கூடாது என்று விதி.

காலையில் கூடத்தில் ஆறு பேர் காத்திருந்தார்கள். ஷாஹுல் நாலாவது. ஜெர்மன்காரர் ஒருவர் எழுதிய பதினோரு பக்கம். தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பான். உட்கார்ந்தான், மனசுக்குள் பிஸ்மி சொன்னான், கையை வைத்தான்.

அவன் வைத்த கட்டை ஒன்று, கேட்ட ஓசை வேறொன்று.

இடம் தவறி வைத்துவிட்டேனோ என்று குனிந்து பார்த்தான். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. மேலே போனான். விரல் தன் வழியில் போக, காது 'இது இல்லை, இது இல்லை' என்று கத்திற்று. முதல் பக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். இரண்டாம் பக்கத்தில் காது ஜெயித்துவிட்டது. கை தானாக ஒரு கட்டை இடப்பக்கம் நகர்ந்து, வெள்ளை வரவேண்டிய இடத்தில் கறுப்பு வர, எல்லாம் சிதறிற்று. நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் அதே இடம். காதில் ஏதோ கோளாறு வந்துவிட்டது, இத்தனை நாள் காப்பாற்றிய காது இன்றைக்குப் பார்த்துச் செத்துவிட்டது என்றே நினைத்தான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைகிறதென்பார்களே, அப்படி.

பரீட்சகர் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். கஸ்தூரிரங்கன் அவன் தோளைத் தொட்டார்.

"விரல் அபாரமா இருக்குங்கறார். ஆனா பாடம் மனசுல பதியலையாம். மனசுல வச்சுக்காதே அம்பி."

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அக்பர் பாஷா நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மகன் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை.

"இன்னாடா, பியானோ எப்டி கீது?"

"இன்னாத்த கேக்குற அத்தா?"

"நான் சுருதி சேத்ததுடா! மூணு நாளு வேல. போட்டி நடத்துறவங்களே புதுக் கம்பி அனுப்பி, தட்டினா ஒரே ஓசைய சொல்ற இரும்பு முள்ளும் குடுத்தாங்க. அதுக்கு சரியா வெச்சே ஆவணும்னாரு வக்கீலு. என் ஆயுசுல முழுச் சுருதிக்கு இழுத்தது இது ஒண்ணுதான். உங்கிட்ட முன்னாடியே சொன்னா, புள்ளைக்கு ஒத்தாசை பண்ணிட்டான் பாயின்னு பேசுவாங்க. அதான் வாயத் தொறக்கல."

ஷாஹுலுக்கு அப்போதுதான் விளங்கிற்று. காது சாகவில்லை. ஒன்பது வருஷமாக அது தப்பான பெயர்களைக் கற்றுக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுத்தவை அத்தா இறக்கி வைத்த கம்பிகள். இன்றைக்கு ஒரே ஒரு நாள், அவனுக்காக, அத்தா எல்லாவற்றையும் சரியாக வைத்திருக்கிறார். யார்மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா கீது அத்தா. அந்த மாதிரி பியானோவ நான் தொட்டதே இல்ல."

"அப்போ?"

"என்ன எடுக்கல. பாடம் மறந்துட்டேன்."

அக்பர் பாஷாவின் சிரிப்பு இறங்க நேரமாயிற்று. "தப்பு பியானோல இல்லியே?" என்றார் சின்னக் குரலில்.

"இல்ல அத்தா. என் கைலதான்."

தேனாம்பேட்டை வரைக்கும் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். அதற்குப் பிறகும் ஏறவில்லை.

வீட்டில் ஹமீதுன்னிசா ஒன்றும் கேட்காமல் டீ வைத்தாள். டீ ஆறிற்று. அக்பர் பாஷாவுக்கு மனசு அடங்கவில்லை.

"எனக்கு வாசிச்சுக் காட்டுடா. எந்த எடத்துல நீ மறந்தேன்னு பாப்போம்."

"வேணாம் அத்தா."

"காட்டுடா. நான் கேக்கறேன்ல."

ஷாஹுல் உட்கார்ந்தான். உளுத்த பியானோ, துருப்பிடித்த கம்பி. கையை வைத்ததும் எல்லா ஓசையும் தன் தன் இடத்தில் வந்து நின்றது. முதல் பக்கம் போயிற்று. இரண்டாம் பக்கம், அவன் உடைந்த அந்த இடம், தண்ணீர் மாதிரி ஓடிற்று. மூன்று, நாலு. ஏரிக்கரை வீட்டுக்குக் கேட்கவேண்டும் என்பது போல வாசித்தான். ஒரு விரல் பிசகவில்லை.

அக்பர் பாஷா முதலில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆறாம் பக்கத்தில் தலை நின்றது. சுருதி சேர்க்கிறவன் காதுக்கு எவ்வளவு நேரம் மறைக்க முடியும்? அவர் எழுந்து வந்து பியானோவின் மேல் கையை ஊன்றினார்.

"ஷாஹுலு. அங்க உன் கைக்கு ஒண்ணும், காதுக்கு ஒண்ணும் கேட்டுச்சா?"

அவன் விரல் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் பண்ணதாடா?"

நிறுத்தினால் பதில் சொல்லவேண்டும். அவன் ஏழாம் பக்கத்துக்குப் போனான், எட்டுக்குப் போனான்; பதினொன்றும் முடிந்த பிறகு, கையை எடுக்காமல் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.