முதல் போன் மேவிஸுக்கு

அம்மாவின் மரண அறிவிப்பை நான்தான் எழுதிக் கொடுத்தேன். "ஓபல் ஹார்ட்லி, 81, விசுவாசத்துக்காகவும் குடும்பத்துக்காகவும் வாழ்ந்தவர்." கன்சாஸில் எங்கள் பக்கம் சாகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்திருப்பார்கள். அம்மா விஷயத்தில் அது பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல்.

எங்கள் பாப்டிஸ்ட் சபையின் ஜெபச் சங்கிலிக்கு அம்மாதான் தலைவி. யாருக்குக் கஷ்டம் வந்தாலும் முதலில் அவளுக்குப் போன் வரும். அவள் தன் சபைத் தோழி மேவிஸுக்குச் சொல்வாள், மேவிஸ் அடுத்தவளுக்கு, இப்படியே முப்பத்திரண்டு வீடு. காலை ஒன்பது மணிக்கு ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தால், பத்தரைக்குள் கோதுமைக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற ஆண்கள் வரை தெரிந்திருக்கும். புறம் பேசுவதுதான் பாவம். ஜெபக் குறிப்பு கொடுப்பது ஊழியம்.

பதினேழு வயதில் எனக்கு நாள் தள்ளிப்போனது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என்னை அணைத்துக்கொண்டு தலையைத் தடவினாள். நான் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

"மேவிஸ், நம்ம டார்லாவுக்காக ஒரு பாரம். என்னன்னு நான் சொல்லக் கூடாது. அக்டோபர் வரைக்கும் ஜெபம் பண்ணுங்க, போதும்."

மறுநாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரே என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். ஐந்தாம் மாதம் குழந்தை தங்காமல் போயிற்று. அதுவும் சங்கிலியில் போனது, கடவுளுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் குறிப்பாக. நான் அவளை மன்னிக்கவில்லை. பின்னால் என் புருஷன் என்னை விட்டுப் போனபோது அவன் யாரோடு போனான் என்பதே எனக்குச் சங்கிலி வழியாகத்தான் தெரிந்தது.

போன வருஷம் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. பார்த்துக்கொள்ள நான்தான் வந்தேன். தம்பி அரிசோனாவிலிருந்து பூ அனுப்பினான். மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை காலை, ஆப்பிள் மசியலை ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு, ஒன்று சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டாயே என்று கேட்டாள். மாட்டேன் என்றேன்.

"அந்தப் பக்கம் யாரும் இல்லடி. அறுபது வருஷமா ஜெபத்துல பேசுறேன். ஒரு தடவகூட யாரும் எடுத்த மாதிரி இல்ல." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "பயமா இருக்கு டார்லா. இது மட்டும் வெளிய தெரிஞ்சா, நான் வாழ்ந்ததே இல்லன்னு ஆயிடும்."

டாக்டர் ஒரு வாரம் கெடு சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரம் அவள் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும். அவளை அணைத்துக்கொண்டு தலையைத் தடவினேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். பிறகு சமையலறைக்குப் போய் மேவிஸின் நம்பரைச் சுழற்றினேன்.

"ஆன்ட்டி, அம்மாவுக்காக ஒரு பாரம். அவங்களுக்கு விசுவாசம் போயிடுச்சு."

அடுத்தவளுக்குச் சொல்ல மேவிஸ் உடனே போனை வைத்துவிட்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டு மணிக்கு ஒன்பது பெண்கள் வந்துவிட்டார்கள். கொண்டுவந்த நூடுல்ஸ் தட்டுகளைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மேவிஸ் குனிந்து, டார்லா சொன்னது உண்மையா என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை, அளவெடுக்கிற பார்வை. பிறகு அவள் கண் கலங்கியது.

"பாவம் எம்பொண்ணு," என்றாள். "இது அவளோட கஷ்டம் மேவிஸ். புருஷன் போனதுலேர்ந்து அவளுக்குத்தான் விசுவாசம் இல்ல. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எம்மேல போடுறா. அவளுக்காக ஜெபம் பண்ணுங்க."

பதினெட்டுக் கைகளும் கட்டிலை விட்டு என் தலைக்கு வந்தன. தோளை அமுக்கி மண்டிபோட வைத்தார்கள். இல்லை என்று நான் சொன்னதெல்லாம் அழுகையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜெபத்தை அம்மாவே நடத்தினாள். அப்படி ஒரு ஜெபத்தை நான் அவளிடம்கூடக் கேட்டதில்லை. சொல் தடுமாறவில்லை, மூச்சு வாங்கவில்லை. ஒன்பது பேரும் தேம்பினார்கள். மேவிஸ் போகும்போது என் கன்னத்தைத் தட்டி, இப்படி ஒரு தாய் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள்.

அவர்கள் கார்கள் போன பிறகு அம்மா கூப்பிட்டாள். குரலில் ஒன்றும் மிச்சமில்லை. கதவைச் சாத்தச் சொன்னாள். கிட்டே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நல்லா வந்துச்சுல்ல, ஜெபம்?"

"நல்லா வந்துச்சு."

"யாராவது கேட்டிருப்பாங்களாடி?"

அவள் யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். 'கேட்டிருப்பார்' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் காசா பணமா. என்னை நம்பவும் தயாராக இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"மேவிஸ் ஆன்ட்டி கேட்டாங்க," என்றேன். "வேற யாரும் இல்லம்மா."

கையை விட்டாள். வெள்ளிக்கிழமை சாகும்வரை வேறொன்றும் கேட்கவில்லை.