வயிறு புளித்த கதை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். நடந்தது நடந்தபடி இதுதான்.

மூக்குக்காரி ஆலையில், ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்று, ஊர் தின்று மிஞ்சியதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உணவகங்களிலிருந்தும் சந்தையிலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் எச்சில், அவள் கையைத் தாண்டித்தான் அரவை மெஷினுக்குப் போகும். அங்கே கூழாகி, மூன்று மாடி உயரத் தொட்டிக்குள் விழுந்து, நொதித்து எரிவாயுவாகும். தொட்டியை ஆட்கள் வயிறு என்றுதான் சொல்வார்கள். வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது மீட்டருக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். தெருமுனையில் வரும்போதே, லாரியில் எத்தனை முட்டை ஓடு என்று சொல்லிவிடுவாள். எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்காரருக்கு அரவை மெஷினில் வேலை. எலும்பு சிக்கினால் மெஷினை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கைவிட வேண்டும். பூட்டித் திறப்பதில் கால் மணி நேரம் வீணாகிறதென்று அந்தப் பூட்டை எடுத்துத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டவர் மேனேஜர். வீட்டுக்காரரின் வலக்கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நடுவிலிருந்த மூன்றும் வயிற்றுக்குள் போய்விட்டன.

வைத்தியச் செலவுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. இவர் எங்கள் தொழிலாளி என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. மேனேஜர், அவள் நீட்டிய கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"அந்தாளு எங்க ஆளே இல்ல. மெஷின்ல கையை விட்டது அவர் தப்பு."

பழச்சாறு கம்பெனியிலிருந்து வரும் எலுமிச்சைத் தோலை, வயிற்றுக்கு ஆகாதென்று அவள் தனியே ஒதுக்குவது வழக்கம். மறுநாளிலிருந்து ஒதுக்குவதை நிறுத்தினாள். ஒன்பதே நாளில் வயிறு புளித்துப்போனது. அது விட்ட ஏப்பத்தில், பல்லே இல்லாத காக்கைகள் பல் கூசிப் பறந்தன. மீட்டர் மட்டும் எல்லாம் சுகம் என்றது. மேனேஜர் மீட்டரை நம்புகிறவர்.

பத்தாம் நாள் காலை, ஆலையைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் பதினோரு பேர் வந்தார்கள். எச்சிலில் பிறந்த வாயுவிலேயே தேநீர் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு பெட்டி தீக்குச்சி தீர்ந்தது, அடுப்பு பற்றவில்லை. மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து பெல்ட்டுக்கு ஓடி வந்தார்.

"ஏம்மா, என்ன ஆச்சு இதுக்கு?"

"செரிக்கல சார். எதை முழுங்கித் தொலைச்சுதோ."

சுண்ணாம்பைக் கரைத்து அரவை வழியாக ஊற்றினால் புளிப்பு அடங்கும் என்றாள். ஆனால் அரவையின் தொண்டையில் ஒரு தொடையெலும்பு குறுக்கே படுத்திருந்தது. தானாகவே நடந்து வந்து படுத்துக்கொண்டது போல. ஆட்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். பதினோரு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மேனேஜர் மெஷினை நிறுத்தி, சட்டையை மடக்கிவிட்டு, வலக்கையை முழங்கைவரை உள்ளே விட்டார். எலும்பு அசையவில்லை. மாட்டிக்கொண்ட கையும் வெளியே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், சுவிட்சின் மேல் மூக்குக்காரியின் விரல்.

"பூட்டு எங்க சார்?"

"ரூம்ல இருக்கு. விரலை எடும்மா."

"எடுக்கறேன் சார். கையை விட்டது யார் தப்புன்னு சொன்னீங்க? அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

அவள் கடிதத்தை நீட்டினாள். மேனேஜர் இடக்கையால் கையெழுத்துப் போட்டார். அது போதாதென்று, அவர் எங்க ஆளுதான் என்று பெரிய மனிதர்கள் கேட்க மூன்று தரம் உரக்கச் சொன்னார். விரலுக்கு ஒரு தரம். அதன் பிறகே அவள் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள். எலும்பு வழுக்கிக்கொண்டு வந்தது. சுண்ணாம்பு இறங்கியதும் அடுப்பு கேட்காமலே பற்றிக்கொண்டது.

சொல்ல விட்டுப்போனது ஒன்றுதான். விரல்கள் போன அன்று மாலையே அவளையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட, இன்னும் கையெழுத்தாகாத கடிதத்தோடு தினமும் காலையில் வந்து நிற்கிறவளை, வாட்ச்மேன் இன்றுவரை கேட்டைத் தாண்டி உள்ளே விட்டதில்லை.