ஏழாவது கதவு

பூட்டு ரிப்பேர்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததே விண்கலத்துக்குள்தான். வீடியோ கேமில் வேற்றுக்கிரக ஜந்துக்களைச் சுட்டுத் தள்ளி, ஆறு இரும்புக் கதவுகளைத் திறந்துவிட்டார். ஏழாவது மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பசி, தாகம், பெண்டாட்டி மூன்றும் மறந்தே போயின.

மதியம் கரண்ட் போனது. அப்போதுதான் எழுந்து அறைக்கதவைத் திறந்தார். கதவை ஒட்டி நாற்காலி போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"காலையில எட்டு மணிக்கு வெளியில தாழ்ப்பாள் போட்டேன். நீங்க தட்டினதும் திறக்கலாம்னு இங்கேயே உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு எனக்கே வெறுத்துப் போய் எடுத்துட்டேன்" என்றாள்.

ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷன், தன்னைப் பூட்டியது தெரியாமல் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கரண்ட் வந்து, பின்னால் திரை பளிச்சென்று எரிந்தது.

"இதோ, இன்னும் ஒரே ஒரு கதவுதான்" என்று உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார். நாற்காலியை அவள் எடுத்துக்கொண்டு போகும் சத்தம்தான் கேட்டது.