வெஸ்னாவின் அடி பிந்தித்தான் விழும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தை ஆறவிட்டு எழுது என்பார்கள். ஆறவிட்டால் நான் எழுத மாட்டேன், குழம்பு வைக்கப் போய்விடுவேன். அதனால் சூட்டோடு எழுதுகிறேன். சிட்னிக்குத் தெற்கே, போர்ட் கெம்ப்லாவில், என் பக்கத்து வீட்டுக் கராஜில் மூன்று பேர் வருடக்கணக்காக வாசித்து, ஒருவழியாக முதல் ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி வாசித்ததை யாரோ திருத்திவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழியைக் கேட்டா குழம்பு வைக்கிறார்கள்?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[உருக்காலைப் புகைபோக்கிகளின் நிழலில், கடல் காற்றில் துருவேறிய அந்தக் கராஜின் கதவை வெஸ்னா திறந்தபோது...]

வேண்டாம். துரு, புகை என்று ஆரம்பித்தாலே யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள். யாரும் சாகவில்லை.

2

பேண்டின் பெயர் வெட்னஸ்டே பின்ஸ். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வருவது புதன்கிழமை, வேறு தத்துவம் ஒன்றும் இல்லை. லாக்கி பாடுவான், கிட்டாரும் அவனே. டூயி பேஸ் கிட்டார். வெஸ்னா டிரம்ஸ். வாசிப்பது போஸ்ட்-பங்க்.*

(* இலக்கணம் கேட்காதீர்கள். பேஸ் முன்னால் நடக்கும், கிட்டார் கீறும், பாடகர் பாட மாட்டார், குற்றம் சாட்டுவார்.)

வெஸ்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பஸ் நேரத்துக்கு வரும். டிரம்ஸில் மட்டும் அவள் அடி ஒரு மயிரிழை பிந்தி விழும். கேட்பவருக்கு, மாடியிறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்ததுபோல் வயிற்றுக்குள் ஒரு ஜிவ். அந்த இடைவெளிக்குள்தான் லாக்கி தன் சொற்களைத் துப்புவான். அது இல்லாவிட்டால் அவன் பாட்டு வெறும் புலம்பல்.

ஏன் பிந்துகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் எழுதிப் பார்த்தேன்.

[சிறுமியாக இருந்தபோது அவளுடைய இடது மணிக்கட்டு]

[மாசிடோனியாவிலிருந்து வந்த அவள் அப்பா ஆலையிலிருந்து திரும்பும் காலடிச் சத்தத்தை]

பொய், பொய். அவளையே கேட்டேன். "ஏன்னா அப்படி இருந்தாத்தான் நல்லாருக்கு," என்றாள். அவ்வளவுதான். ஓர் ஆண் பிந்தி அடித்தால் அது அவன் பாணி. ஒரு பெண் பிந்தி அடித்தால் கையில் என்ன கோளாறு, மனதில் என்ன காயம் என்று துருவுகிறோம். நானும் துருவினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

3

நடந்தது சனிக்கிழமை மதியம். இசைத்தட்டுப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. டூயி கராஜ் வாசலில் அடுப்பை மூட்டி சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த என்னை லாக்கி கூப்பிட்டான்.

"கோம்ஸ்! என்ன அங்கேயே நிக்கிறீங்க? வந்து ரொட்டிக்கு வெங்காயம் வைங்க, இன்னிக்கு நாங்க பெரிய மனுஷங்க!"

என் பெயர் கோமதி. இந்த ஊரில் யார் பெயரையும் முழுசாகச் சொல்லும் பழக்கம் இல்லை.

வெஸ்னா முதல் தட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு பிளேயரில் வைத்தாள். பேஸ் நடந்தது, கிட்டார் கீறியது, டிரம்ஸ் வந்தது. சிரித்துக்கொண்டே மேசையில் அவளும் கூடவே தட்டினாள். தட்டில் அடி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கை விழுந்தது. மறுபடி தட்டில் அடி, பிறகு அவள் கை. எங்கள் எல்லோர் காதிலும் இரண்டும் தனித்தனியாக விழுந்தன. அவள் சிரிப்பு நின்றது.

"இது யாரு?"

"யாருன்னா? நீதான்," என்றான் லாக்கி.

"நான் இல்ல."

"கிராண்ட் கம்ப்யூட்டர்ல உன் அடியக் கொஞ்சம் நேராக்கினான், அவ்வளவுதான் வெஸ். எல்லாரும் பண்றதுதான். இல்லன்னா ரேடியோவுல போட மாட்டாங்கன்னான்." கிராண்ட்தான் சிட்னியில் ஆல்பத்தைப் பதிவுசெய்து வெளியிடுகிறவன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

லாக்கி சாசேஜைப் பார்த்தான். "ஈஸ்டருக்கு முன்னாடி."

"அடப்பாவி!" என்றாள் டூயி. "அன்னிலேருந்து எங்ககூட உக்காந்து பீர் குடிச்சியே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? என் பேஸையும் சேர்த்துத்தானே நகர்த்தியிருக்கான் அந்த நாசமாப்போறவன்!"

"முப்பத்தஞ்சு வயசாச்சு டூயி. நம்மள நாலு பேர் கேக்கணும்னு ஆசைப்பட்டது ஒரு குத்தமா?"

குற்றமில்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. அவன்மேல் இரக்கம் வந்தது, கோபம் மட்டும் குறையவில்லை. பாட்டைக் கவனித்தேன். இடைவெளி இருந்த இடத்தில் அவன் குரல் நுழையப் பார்த்தது, நிற்க இடமில்லை. அவனுடைய பாட்டையும் சேர்த்துத்தான் கெடுத்திருந்தார்கள், அந்த மடையனுக்கு அது கேட்கவில்லை.

4

அப்போது வெஸ்னா எழுந்து நின்று சொன்னாள்:

["என் கையைத் திருத்த நீ யார்? இத்தனை வருஷம் உன் சொற்களுக்கு நான் இடம் விட்டேன், நீ என் இடத்தையே விற்றுவிட்டாய்! நேராக இருப்பதெல்லாம் நியாயமா?"]

எழுதி முடித்ததும் எனக்கே கை தட்டத் தோன்றியது. மறுநாள் வேலியோரம் அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். வெஸ்னா தலையைச் சொறிந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு கோம்ஸ். ஆனா நான் அப்படிப் பேசலியே. நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன்."

"கதைக்காகக் கொஞ்சம்..."

"நேராக்கினீங்களா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வசனத்தை அடைப்புக்குள் தள்ளினேன். அவள் உண்மையில் செய்தது இதுதான்: தட்டைப் பத்திரமாக உறைக்குள் போட்டாள், பாதி தின்ற ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

முடிவு தேடி இரண்டு நாள் அலைந்தேன்.

வெஸ்னா எல்லாத் தட்டுகளையும் போட்டு உடைக்கலாம். எழுத எனக்கு இனிக்கும். ஆனால் அந்தப் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கித் தூக்கி வந்ததே அவள்தான், உடைக்க மாட்டாள்.

லாக்கி மன்னிப்புக் கேட்டு, மூவரும் கட்டிக்கொண்டு [டூயி கண்ணைத் துடைத்தபடி] சீ, சீரியல்.

ஆல்பம் ஓகோவென்று ஓடி, டிரம்ஸ் பிரமாதம் என்று ஊரே அவளைப் புகழ, அவள் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பது இன்னொன்று. இதை எழுதத்தான் எனக்குப் பயம். நடக்கக்கூடியது இதுதான்.

6

வெளியீடு, ஊர்ப் பெரியவர்கள் புல்தரையில் பந்து உருட்டும் பவுலிங் கிளப்பில், அடுத்த வார ஞாயிறு மதியம். வெஸ்னா வர மாட்டாள் என்றான் லாக்கி. முதல் ஆளாக வந்திருந்தாள். ஆனால் மேடைப் பக்கம் போகவில்லை. தட்டு விற்கும் மேசையில் கறுப்பு மார்க்கரோடு உட்கார்ந்துகொண்டாள். கையெழுத்துப் போடுகிறாள் என்று நினைத்துக் கூட்டம் வரிசை கட்டியது.

அவள் ஒவ்வோர் உறையையும் திருப்பி, "டிரம்ஸ்: வெஸ்னா" என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். கோபமாகக் கிறுக்கவில்லை. ஒரே கோடு, மை காய ஊதிவிட்டுக் கொடுத்தாள்.

லாக்கி ஓடி வந்தான். "வெஸ், என்ன பண்ற? கிராண்ட் பாக்கிறான்!"

"பாக்கட்டும். நான் வாசிச்சது அவன்கிட்ட அப்படியே இருக்குல்ல? அத வெளியிடச் சொல்லு, பேர் இருக்கட்டும்."

"அவன் நம்மளையே தூக்கிடுவான்டி!"

"இத வாசிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது லாக்கி. தெரியாதவங்க வேலைக்கு நான் பேர் போட்டுக்க மாட்டேன்."

இப்போது லாக்கி மேடையில் நிற்கிறான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, காலியாக இருக்கும் டிரம்ஸ் முக்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். கிராண்டின் மடிக்கணினியில் நேரான தாளம் தயாராக இருக்கிறது. இவன் தலையசைத்தால் அவன் பொத்தானை அழுத்துவான். டூயி பேஸைத் தோளிலிருந்து கழற்றலாமா என்று கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கிளப் ஸ்பீக்கரில் ஆல்பம் ஓடுகிறது. நீங்களும் கேட்கிறீர்கள், நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை.

ஆம், உங்களைத்தான் சொல்கிறேன். வரிசையில் அடுத்த ஆள் நீங்கள். இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க முடியாது. முடிவை நான் எழுதினால் வெஸ்னா ஜெயிக்கும்படிதான் எழுதுவேன். அதுவும் ஒரு திருத்தம்தான்.

அவள் ஓர் உறையை எடுத்துத் திருப்பி, மார்க்கரைப் பெயரின்மேல் வைத்துவிட்டு, நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

"உங்களுக்கு ஒண்ணு வேணுமா?"

என்னைப் பார்க்காதீர்கள். அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.