சுவர்க் கேடயம்

கேடயம் பிடிப்பவனின் வேலை அடி வாங்குவது. இதைச் சுற்றி வளைத்துப் பெருமையாகச் சொல்கிறவர்கள் யாரும் கேடயம் பிடித்ததில்லை. குழுவில் நாலு பேர். மந்திரக்காரன் தள்ளி நின்று நெருப்பு எறிவான். திருடன் பூட்டைத் திறப்பான். வைத்தியக்காரி காயத்தை மூடுவாள். கேடயக்காரன் முன்னால் போய் வாங்கிக் கட்டிக்கொள்வான். நான் முப்பத்து நாலு வருடம் வாங்கினேன்.

எங்கள் குழுவின் வைத்தியக்காரி என் மனைவி. அவள் கோலை நீட்டினால் காயம் மூடும். பார்க்கிறவர்கள் ஆகா என்பார்கள். மூடின காயம் எங்கே போகிறது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அது அவள் விரலுக்குள் போகிறது. என் தோளில் ஒரு வெட்டை மூடினால் அவளுக்கு இரண்டு நாள் விரல் மரத்துப் போகும். முன்பெல்லாம் மூன்றாம் நாள் சரியாகிவிடும். இப்போது மரத்தது மரத்ததுதான். அவள் சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். வலது கையில் மூன்று விரல்களுக்குச் சூடு தெரியாது. அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கிவிட்டு, தோல் கருகின வாடை வந்த பிறகுதான் கையைப் பார்ப்பாள்.

அதனால் நான் சுவரோரம் நிற்பேன். குகைக்குள் போனதும் முதுகுக்கு ஒரு சுவர் பார்த்துக்கொள்வேன். பூதம் வேண்டுமானால் என்னிடம் வரட்டும், நான் போகமாட்டேன். பத்து அடி விழுகிற இடத்தில் மூன்று விழும். வேலை ஆமை மாதிரி நகரும். சத்திரத்தில் எனக்குச் 'சுவர்' என்று பெயர் வைத்தார்கள். பயந்தாங்கொள்ளி என்பதைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏன் அப்படி நிற்கிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் இடது முழங்கால் மக்கர் செய்தது. ஒரு குகையில் நடு வழியில் மடங்கி, கேடயத்தோடு விழுந்தேன். சுவருக்கு எட்டவில்லை. ஏழு அடி விழுந்தது. ஏழையும் அவள் மூடினாள். வீட்டுக்கு வந்து அவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் முடிவு செய்தேன். கேடயத்தை இறக்கி வைத்துவிட்டால் காயம் இல்லை. காயம் இல்லை என்றால் அவளுக்கு வேலை இல்லை. என் மண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது.

குழுக்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பிரிவு அலுவலகத்துக்கு அவளிடம் சொல்லாமல் போனேன். எங்கள் குழுத் திருடன் துணைக்கு வந்தான். மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா ஜன்னல் வழியாகப் படிவத்தைத் தள்ளினார்.

"பெரியவரே, பின்பக்கமும் இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா?"

"எனக்குத் தெரியும்."

தெரியாது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால். ஆனால் அலுவலகத்தில் ஒருத்தர் வலிய வந்து படித்துக் காட்டுகிறேன் என்றால், எதையோ விட்டுவிட்டுப் படிக்கப் போகிறார் என்பது என் எண்ணம்.

திருடன் கையை நீட்டினான். "அண்ணே, இப்படிக் குடுங்க. நான் பாக்கறேன்."

"நீ திருடன்."

"பிரிவுதாண்ணே திருடன். இருபது வருஷமா உங்க சோத்து மூட்டையை யாரு காவல் காத்தது?"

"அதனாலதான் தினமும் குறைஞ்சுது."

அவன் சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். நான் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குக் காகிதம் வந்தது, அவள் பெயருக்கு. பின்பக்கத்தில் இருந்தது இதுதான்: ஒரு கேடயம் விலகினால் அதோடு சேர்ந்த வைத்தியக்காரி காத்திருக்கும் அடுத்த கேடயத்துக்குப் போகவேண்டும். வைத்தியக்காரிகளுக்கு எங்கும் பற்றாக்குறை. இரண்டு கையும் முழுதாக மரத்துப் போனால் ஒழிய அவர்களை விடமாட்டார்கள். அவள் போகவேண்டிய கேடயத்துக்குக் 'காளை' என்று பெயர். ஊரே கொண்டாடுகிற ஆள். பூதத்தைக் கண்டால் ஓடிப்போய் நெஞ்சைக் கொடுப்பான். மூடத்தான் ஒருத்தி இருக்கிறாளே.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் கதவைத் திறக்கவில்லை. காலால் தட்டினாள். தாழ்ப்பாளைப் பிடிக்க முடியவில்லையாம். உட்காரவைத்துத் தண்ணீரை நானே வாயில் பிடித்தேன்.

"எத்தனை?" என்றேன்.

"பத்தொன்பதோ இருபதோ. அப்புறம் எண்ணலை."

"இடது கை?"

"அதுவும் போய்க்கிட்டிருக்கு." தண்ணீரை விழுங்கினாள். "நீங்க வேலையை விட்டதை எனக்கு ஒரு காகிதம் வந்து சொல்லுது."

"உனக்காகத்தான் விட்டேன்."

"எனக்காகன்னா என்னைக் கேக்கணும்."

"நான் இத்தனை நாளா சுவரோரம் நின்னதே..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முப்பத்து நாலு வருஷம் உங்க முதுகைப் பாத்துக்கிட்டு நின்னவ நான். நீங்க எதுக்கு நகர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? சத்திரத்துல சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன். சொன்னா நீங்க கூச்சப்பட்டு முன்னால போயிடுவீங்க."

நான் குனிந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாக அலுவலகத்துக்குப் போனோம். திருடனையும் கூப்பிட்டுக்கொண்டேன். அதே குமாஸ்தா.

"கேடயத்தைத் திரும்ப எடுத்துக்கலாம்," என்றார். "ஆனா விட்ட படியில ஏத்த மாட்டோம். முதல் படி. மரக் கேடயம். தானியக் கிடங்குல எலி அடிக்கற வேலை."

"இவ?"

"முதல் படிக் கேடயத்துக்கு முதல் படி வைத்தியக்காரிதான். அம்மா சம்மதிச்சு இறங்கினா உங்களோட சேர்த்துவிடலாம். வெள்ளைக் கோலைத் திருப்பிக் குடுத்துடணும். முப்பத்தாறு படியும் போயிடும்."

படிவத்தை வாங்கித் திருடனிடம் கொடுத்தேன். "படி. மொத்தத்தையும் படி."

"திருடன் படிக்கலாமாண்ணே?"

"வாயை மூடிக்கிட்டுப் படி."

வாயை மூடிக்கொண்டு எப்படிப் படிப்பது என்று முனகிவிட்டு, நின்று நிதானமாக இரண்டு பக்கத்தையும் படித்தான். நூறு எலிக்கு ஒருமுறை படி உயரும், மூன்றாம் படியில் மறுபடி குகைக்கு அனுப்புவார்கள் என்றும் பின்பக்கத்தில் இருந்தது.

அவள் கோலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முப்பத்தாறு படி என்பது சும்மா இல்லை. அந்தக் கோலோடு தெருவில் போனால் மந்திரக்காரர்களே வழிவிடுவார்கள். போன வருடம் கிணற்றில் விழுந்து மூச்சு நின்ற ஒருத்தியைப் போகிற போக்கில் எழுப்பி உட்காரவைத்தாள். முதல் படியில் அதெல்லாம் முடியாது, கீறலை மூடலாம், அவ்வளவுதான். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேர் எங்களை முந்திக்கொண்டு வேலையை முடித்துப் போனார்கள்.

கடைசியில் கோலை ஜன்னலுக்குள் நீட்டினாள். குமாஸ்தா மைத் தட்டைத் தள்ளினார். விரலை மையில் வைத்து, காகிதத்தில் வைத்து, என்னைப் பார்த்தாள்.

"பட்டுச்சா?"

"பட்டுடுச்சு, எடு," என்றேன்.

கிடங்கு ஊர்க் கோடியில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். மேலே ஒரு கம்பி ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுகிறது. மரக் கேடயம் பானை மூடி அளவுதான். எனக்குச் சுவர் தேடவேண்டிய வேலையே இல்லை, நாலு பக்கமும் சுவர். முதல் எலி காலடியில் ஓடியது. குனிவதற்குள் முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் நிமிர்வதற்குள் இன்னொன்று கட்டைவிரலைக் கடித்துவிட்டுப் போனது.

அவள் வழக்கம்போலக் கோலை நீட்டினாள். விளக்குமாற்றுக் காம்பு மாதிரி ஒரு குச்சி.

"வேண்டாம்," என்றேன். "எலிக்கடி. தானா ஆறும்."

"ரத்தம் வருதே."

"வரட்டும். நின்னுடும்."

நீட்டின கோலை இறக்க அவளுக்கு மனசு வரவில்லை. நான் விரலைத் துணியில் சுற்றி முடிச்சுப் போடும்வரை என்னையே பார்த்தாள். பிறகு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கோலைச் சாய்த்து வைத்தாள். கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"நூறு அடிச்சா அடுத்த படியா?" என்றாள்.

"ஆமா."

"இதுவரைக்கும் எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லை."

"அவசரம் ஒண்ணுமில்லை," என்றாள். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். எதிரே ஒரு கொழுத்த எலி மூட்டையின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பார்த்தபடி இருந்தோம்.