புத்தகத்தில் இல்லாத ஓட்டை

பாலத்தடியில் நின்ற காவல்காரனுக்குப் பசிக்கிறதா என்று கேட்க அந்த விளையாட்டில் வழி இருக்கவில்லை. அவனை மிரட்டலாம், அவனிடம் பொய் சொல்லலாம், வாளை உருவிக்கொண்டு பாயலாம். கிருசாந்தி திரையின் ஒவ்வொரு மூலையிலும் அழுத்திப் பார்த்தாள். தன் பொதியில் ரொட்டி இருக்கிறது, அதில் பாதியைப் பிய்த்து அந்த மனிதனிடம் நீட்டினால் போதும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. காவல்காரனோ கால் மணி நேரமாக ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றான். கடைசியில் அவனை வெட்டிவிட்டுத்தான் பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. வெட்டியதற்கு அவளுக்கு ஐம்பது புள்ளிகள் வேறு கிடைத்தன.

“இதுவும் சரிவராது,” என்றாள்.

நிருஷன் கையிலிருந்த போனின் பின்மூடியை நெம்பியபடி, “இது நாலாவது,” என்றான். “இன்னும் ஒண்டு இருக்கு. அதுவும் சரிவராட்டி எனக்குத் தெரிஞ்ச கேம் எல்லாம் முடிஞ்சுது.”

தர்மபுரத்தில் போன் திருத்துவதும் போட்டோக் கொப்பி எடுப்பதுமாக நிருஷன் நடத்துகிற கடை அது. ஞாயிறு மத்தியானம் என்பதால் கதவை முக்கால்வாசி சாத்தியிருந்தான். இருவரும் உயர்தரம் வரை ஒரே வகுப்பு. பெரிய விளையாட்டுகள் ஓடக்கூடிய கணினி அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவனிடம்தான் இருந்தது, துண்டு துண்டாக வாங்கி அவனே பொருத்தியது. மூன்று வாரமாக அவள் இந்தக் கதிரையில் வந்து உட்காருகிறாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பொழுதுபோக்குக்கு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால் நினைக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

பொழுதுபோக்கு இல்லை. வருகிற வியாழக்கிழமை அவளுக்கு வவுனியாவில் தலை ஸ்கான். ஆறு மாதமாகக் காலையில் எழும்போதே மண்டை இடி, இடது கண்ணில் ஓரமாக ஒரு துண்டு தெரியாமல் போய்விட்டது. உள்ளே இருப்பதைப் பார்த்தால்தான் எதுவும் சொல்லலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் ஒருமுறை போனாள். அந்த வெள்ளைக் குழாய்க்குள் அவளை மெல்லத் தள்ளினார்கள், கூரை முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் வந்து நின்றது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஏலாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் தந்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி, வெளியே வந்து, சப்பாத்தைக்கூடப் போடாமல் வாசல்வரை ஓடிவிட்டாள். மயக்கிப் படுக்கவைத்துச் செய்யலாம்தான். ஆனால் அதற்குத் திகதி அடுத்த மாசியில். கண்ணில் தெரியாத துண்டு மாசி வரைக்கும் அதே அளவில் இருக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

அவளுக்கு இந்தப் பயம் பதினொரு வயதிலிருந்து, ஷெல்லடிக்கு அம்மாவோடு பங்கருக்குள் பதுங்கிக் கிடந்த நாட்களிலிருந்து. தாழ்ந்த கூரை, சன்னல் இல்லாத அறை, பின்னால் ஆட்கள் நெருக்கி நிற்கிற வரிசை. வேலை செய்கிற, விவசாயிகளுக்கான கமநல நிலையத்தில்கூடக் கோப்பு அறைக்கு அவள் போவதில்லை, மற்றவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டிவிடுவாள். இதை அவள் யாருக்கும் விளங்கப்படுத்தியதில்லை. விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஒரே ஆள் அம்மா, அம்மாவுடன் இதைப் பற்றிக் கதைக்கவே முடியாது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பயம் வந்ததில்லை. அது மேனுகாவின் வீட்டு மேசை.

கொழும்புப் பக்கம் படிக்கப் போன மேனுகா, பட்டத்தோடு கதை விளையாட்டுக்கான ஒரு தடித்த புத்தகத்தையும், ஊறுகாய்ப் போத்தல் நிறைய, தாயக்கட்டை மாதிரி உருட்டுகிற பல பக்கக் கட்டைகளையும் கொண்டு வந்தாள். ஞாயிறு தோறும் நாலு பேர், மேனுகா, கிருசாந்தி, நிருஷன், லொறி ஓடுகிற ரூபன். மேனுகா கதையைச் சொல்வாள், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நடப்பார்கள். கிருசாந்தி பூவரசி என்கிற வேட்டைக்காரி. ஒவ்வொரு திருப்பத்திலும் மேனுகா நிறுத்திவிட்டு, “இப்ப என்ன செய்யப்போறாய்?” என்று கேட்பாள். என்னவும் செய்யலாம். செய்தது பலிக்குமா என்பதைக் கட்டை சொல்லும். நாலு வருடத்தில் நிருஷன் சொன்னது ஒரே வசனம்தான், “நான் வெட்டுறன்.” கிருசாந்திக்கோ வழியில் சந்திக்கிற பூதத்துக்கும் பெயர் தெரிய வேண்டும். ஒருமுறை கேட்கப்போய், கதிர்காமநாதன் என்றொரு பூதம், பென்சன் கடதாசியில் கையெழுத்துக்காக ஏழு வருடம் அலைக்கழிந்தது என்று மேனுகா எடுத்துவிட, அன்று முழுக்கச் சண்டையே நடக்கவில்லை. பூதத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

புத்தகத்தில் பாதி நிலத்துக்கு அடியில்தான் நடந்தது. மேனுகா முதல் நாள் ‘நிலவறை’ என்று அகராதிச் சொல் ஒன்றைச் சொன்னாள். “அதென்ன நிலவறை? பங்கர்தானே,” என்றான் ரூபன். சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் சுருக்காகவே முடிந்துவிட்டது, யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மேசையில் அதற்குப் பெயர் பங்கர்தான். அந்தப் பங்கர்களுக்குள் பூவரசி முதல் ஆளாக இறங்கினாள். கிருசாந்திக்கு மூச்சு முட்டவில்லை, கை விறைக்கவில்லை. விளையாட்டு மருந்து மாதிரி வேலை செய்கிறது என்று அவள் நம்பினாள். வைகாசியில் மேனுகா படிப்பு விசாவில் லண்டன் போனாள், ரூபன் வராமல் விட்டான், மருந்து நின்றுபோயிற்று. அதே மருந்து கணினிக்குள் எங்காவது இருந்தால், நாலு நாள் தொடர்ந்து அதில் இறங்கிப் பழகிவிட்டு வியாழக்கிழமை அந்தக் குழாய்க்குள் படுத்துவிடலாம். இதுதான் அவள் கணக்கு.

முதல் விளையாட்டில் எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டியது, அவள் அம்புக்குறிக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியாகப் போனாள். இரண்டாவதில் ஊரெல்லாம் அழகு, ஆனால் எந்தக் கதவும் திறக்காது, வரைந்த கதவுகள். மூன்றாவது முழுக்க வாசிப்பு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள், அது அவளுக்குப் பிடித்துங்கூட இருந்தது, ஆனால் அதில் நிலத்துக்கு அடியில் போகிற இடமே வரவில்லை.

ஐந்தாவதை நிருஷன் போட்டுவிட்டான். தொடங்கியதுமே அவளுக்கு மனம் குளிர்ந்தது. திரையில் இருபது பக்கக் கட்டை உருண்டது, மேசைமேல் உருளுகிற அதே சத்தம். ஒரு கிழவியிடம் வழி கேட்கலாம், கேட்காமலும் போகலாம், கோழியோடுகூடக் கதைக்கலாம். நிருஷன் திருத்து வேலையை விட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருந்தான். “இது பரவாயில்லைப்போல,” என்றான். அவளும் ஓம் என்றாள். பிறகு கிணற்றுக்குள் ஏணி ஒன்று வந்தது. அவள் இறங்கினாள்.

அடியில் ஒரு சுரங்கம். குனிந்துதான் போகலாம். திரை இருண்டது, மேலே எங்கோ ஏதோ விழுந்து வெடித்தது, கூரையிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. விளையாட்டுச் செய்தவர்கள் அந்த மண்ணை மிகவும் நன்றாகச் செய்திருந்தார்கள். கிருசாந்திக்கு விரல்கள் மவுஸிலிருந்து கழன்றன. வாயைத் திறந்து காற்றை இழுத்தாள், காற்று தொண்டையோடு நின்றது. திரையில் அவளுடைய ஆள் தன் பாட்டுக்கு நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே நிற்பாள், இங்கே இருக்கிறவள் செத்தாலும் அவளுக்குத் தெரியாது.

நிருஷன் வயரைப் பிடுங்கிவிட்டான். கதவை முழுதாகத் திறந்து, அவளை வாசல்படியில் இருத்தி, சோடாப் போத்தல் ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தான். சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

“என்னெண்டு சொல்லும்,” என்றான். சொன்னாள். குழாய், வியாழக்கிழமை, கண், எல்லாம்.

“மேனுகாவுக்குக் கோல் எடும்,” என்றான் அவன்.

லண்டனில் அப்போது காலை. மேனுகா ஈரத் தலையோடு திரையில் வந்தாள். நடந்ததை முழுக்கக் கேட்டாள்.

“கிருசாந்தி, நான் உன்னட்ட ஒண்டு சொல்லோணும். கோவிக்காத. நீ பங்கருக்குள்ள இறங்கேக்குள்ள எல்லாம் நான் உன்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு இருப்பன். நீ வாயால மூச்சு விடத் தொடங்கினா உடன கூரையில ஓட்டை ஒண்டு போட்டிடுவன். வெளிச்சம் வருது, காத்து வருது எண்டு சொல்லுவன். புத்தகத்தில அப்பிடி ஓட்டையே இல்லை.”

“எல்லா இடத்திலயுமோ?”

“எல்லா இடத்திலயும்.”

கிருசாந்தி நிருஷனைப் பார்த்தாள். அவன் தெருவைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ரூபனுக்கும் தெரிந்துதான் இருக்கும். நாலு வருடமாகத் தான் இருட்டை வென்றுவிட்டதாக அவள் மனதுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தாள், வெளிச்சத்தில்தான் நடந்திருக்கிறாள். கன்னம் சுட்டது.

“அப்ப நான் ஒண்டும் செய்யேல்லை,” என்றாள்.

“நீ இறங்கினனீதானே,” என்றாள் மேனுகா.

கிருசாந்தி போனை வைத்தாள். மருந்து என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒருத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அதை எந்தக் கணினிக்குள் போய்த் தேடுவது? அடுத்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்கான் கடிதத்தை அலுமாரியில் வைப்பதும் எடுத்துத் திகதியைப் பார்ப்பதுமாக இருந்தாள். நாள் மாறியிருக்காதா என்று பார்க்கிற பார்வை அது.

வியாழக்கிழமை அம்மா கூட வந்தாள். நிருஷனும் கடையைப் பூட்டிவிட்டு வந்தான், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கான் அறை வாசலில் நின்ற பெண், விரும்பினால் ஒருவர் உள்ளே வந்து காலடியில் நிற்கலாம், உடம்பில் இரும்பு ஒன்றும் இருக்கக் கூடாது என்றாள். கிருசாந்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கமலாசனி அந்தக் கதவுப் பக்கமே முகத்தைத் திருப்பவில்லை, கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள்.

“தம்பி, நீ போ ராசா,” என்றாள் நிருஷனிடம். “எனக்கு அதுக்குள்ள ஏலாது.”

“அவர் உங்களுக்கு ஆர்?” என்று ஸ்கான் பெண் கேட்டாள்.

கிருசாந்திக்கு வாயில் உண்மை வந்துவிட்டது. “என்னோட விளையாடுறவர்.”

அந்தப் பெண் பேனையை எடுத்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். “ஒண்டாப் படிச்சனாங்கள்,” என்று நிருஷன் அவசரமாகச் சொன்னான். அவன் காது சிவந்திருந்தது. திறப்பு, மணிக்கூடு, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டான். பெல்ட் போனதால் ஒரு கை காற்சட்டைக்குத் தேவைப்பட்டது. மற்றக் கையால் அவளுடைய கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டான். காதில் பஞ்சு அடைத்தார்கள், ரப்பர் பந்தைக் கையில் தந்தார்கள். அசையக் கூடாது, கதைக்கக் கூடாது, இருபத்தைந்து நிமிடம் என்றார்கள்.

கூரை வந்தது. அதே நாலு விரல். பிறகு சத்தம், தகரத்தில் சுத்தியலால் அடிக்கிற சத்தம். கிருசாந்தி கண்ணை இறுக்கி மூடி, கூரையில் ஓட்டை ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. மேனுகாவின் குரலை வரவழைத்துப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. அவளாகப் போடுகிற ஓட்டைக்கு அந்தப் பக்கம் வானம் இல்லை, மண்தான் இருந்தது. கட்டைவிரல் பந்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் வெளியே போய்விடலாம், மாசி வரை காத்திருக்கலாம், கண் போனால் போகட்டும்.

சத்தம் நின்றது. அந்த அமைதியில் காலடியிலிருந்து நிருஷனின் குரல், பஸ் நிலைய அறிவித்தல் மாதிரி, உரக்க வந்தது.

“கதவொண்டு இருக்கு.”

பிறகு ஒன்றும் இல்லை. யோசிக்கிறான். வாழ்நாளில் வெட்டுறன் என்பதைத் தவிர வேறு கதை சொல்லாதவன். “மரக் கதவு,” என்றான், சத்தம் மீண்டும் தொடங்கிவிட்டது.

மரமானால் என்ன, தகரமானால் என்ன? அவளுக்கு எரிச்சல் வந்தது. ஓட்டை போடத் தெரியாது, வெளிச்சம் கொண்டுவரத் தெரியாது, இந்த நேரத்தில் ஒரு கதவைக் கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறான். அதுவும் எந்தப் பக்கம் திறக்கிற கதவு என்று சொல்லவில்லை. அவன் கை வியர்த்து அவள் விரலில் வழுக்கியது, வழுக்க வழுக்கத் திரும்பத் திரும்பப் பிடித்தான். சத்தம் எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. நின்றது.

“பூட்டியிருக்கு,” என்றான் நிருஷன். சற்றுப் பொறுத்து, அவனுக்கே சந்தேகம் வந்தது போல், சொற்களை இழுத்து, “உள்ளுக்க ஆரோ இருமுகினம்,” என்றான்.

“தம்பி, கதைக்கக் கூடாது,” என்று ஸ்கான் பெண்ணின் குரல் எங்கிருந்தோ ஒலித்தது. இயந்திரம் முன்னைவிடப் பலமாக இடிக்கத் தொடங்கியது.

இருமுகினம். இருமுகிறான் என்று அவன் சொல்லவில்லை, இருமுகிறாள் என்றும் சொல்லவில்லை. அப்படியானால் ஒருவர் இல்லையா? எத்தனை பேர்? பூட்டிய கதவுக்குப் பின்னால் எவ்வளவு நாளாக இருக்கிறார்கள், தண்ணீர் இருக்கிறதா, பூட்டு எந்தப் பக்கத்தில்? அவள் வாயைத் திறக்கக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது. அவன் அடுத்த வாய் திறக்கும்வரை கேட்கவும் முடியாது. அந்த இடியோசைக்கு நடுவே, காதை மரத்தில் அழுத்தி வைத்தபடி, மறுபடி யாராவது இருமுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிருசாந்தி அசையாமல் கிடந்தாள்.