உயிரோட விடக்கூடாது

எண்பத்தொன்றா, எண்பத்திரண்டா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. நாச்சியா அன்று சிரித்தாள் என்றுதான் என் நினைவு. அழுதாள் என்று சொல்பவர்களும் கல்முனையில் இருக்கிறார்கள். அவள் செய்தது என்ன என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

தன் தம்பி ஜவுபரின் மீன்வாடியில் அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் மீனைக் குளிரில் வைக்கும் ஒரு றெஜிபோம் பெட்டியைத் திறந்தான். ஈரச் சாக்குக்குள் நண்டுக் கையும் இறால் உடம்புமாகச் சிவந்த பிராணிகள் நெளிந்தன. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர் தின்பதற்காக விமானத்தில் வந்த நன்னீர்ச் சிங்கிகள்.

"ராத்தா, இதுகள இஞ்சயே அவிச்சுத்தான் வெளிய அனுப்பணும். உயிரோட விடக்கூடாதாம். அந்தச் சட்டத்துக்கு ஒத்துக்கிட்டுத்தான் அனுமதி எடுத்த நான்."

"ஏன்டா, கடிச்சிப் போடுமா?"

"வரம்பத் துளைக்குமாம். ஒண்டு ரெண்டு தப்பினாலும் பெருகி, வயல் வட்டைய முழுக்க நாசமாக்கிப் போடுமாம். அதிகாரி வந்து சொல்லிட்டுப் போனார்."

நாச்சியாவின் கத்தி நின்றது.

"ஆர்ர வட்டையெண்டாலுமா?" என்றாள்.

ஜவுபர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலருடைய வயல்கள் சேர்ந்த அந்த வட்டையில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வயல். மகள் றம்ஸியாவுக்குச் சீதனமாக எழுத வைத்திருந்தாள். கணவன் மௌத்தாகிய பிறகு அவளே அதைச் செய்வித்து வந்தாள். போன சிறுபோகத்தில், யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கும் வட்டைவிதானை மஜீட், அவளுடைய முறைத் தண்ணீரை ஒரு அரிசி மில்காரரின் வயலுக்குத் திருப்பிவிட்டான். மில்காரர் வீட்டு ஆட்டிறைச்சி அவன் வீட்டுக்குப் போனதை ஊரே அறியும். கேட்கப் போனவளிடம், "புருஷன் இல்லாத பொம்புளைக்கு வயல் என்னத்துக்குகா? வித்துப்போட்டு ஊட்டுல இரி," என்றான்.

கதிர் தள்ளும் பருவத்தில் வேளாண்மை கருகியது. றம்ஸியாவின் கலியாணப் பேச்சும் அதோடு நின்றது. 'அவன உயிரோட விடக்கூடாது' என்ற சொல் அன்றிலிருந்து நாச்சியாவின் நெஞ்சில் கிடந்தது. இப்போது அதே சொல் தம்பியின் வாயிலிருந்து வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் வட்டையில் ஆண்வாடை இருக்காது. தம்பி பார்க்காத நேரம் எடுத்து வைத்திருந்த சில சிங்கிகளை ஈரச் சாக்கில் போட்டுக்கொண்டு போனாள். மஜீடின் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் ஒவ்வொன்றாக இறக்கினாள்.

"போங்கடா. போய்த் தோண்டுங்க."

அடுத்த வயல் தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்று அது கண்ணில் படவில்லை.

அடுத்த போகங்களில் மஜீடின் வயலில் தண்ணீர் நிற்கவில்லை. வயல் நண்டின் வேலையென்று மண் வைத்து அடைத்தான். அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் புது வளை திறந்தது. பயிர் மஞ்சளித்துச் சாய்ந்தது. நாச்சியா வேண்டுமென்றே அந்த வரம்பால் நடந்து போனாள்.

"என்ன விதானையார், தண்ணி நிக்கல்லையோ? வித்துப்போட்டு ஊட்டுல இருங்களன்."

அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சோறு தின்றாள். அவ்வளவு ருசியாக அவள் தின்று நெடுநாளாகியிருந்தது.

விற்க நெல் இல்லாமல் போனதும் மில்காரர் மஜீடைத் தேடி வருவதை நிறுத்திவிட்டார். மறுபோகத்தில் மஜீட் அவள் வீட்டு வாசல் படலையடிக்கு வந்து நின்றான்.

"ஒங்கட முறைத் தண்ணிய இந்தமுற நானே தொறந்து தாறன். செஞ்சது பிழதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வயலுக்குப் போனாள். வயல் நிறையத் தண்ணீர் ஏறியது. அப்படிக் கண்டு எத்தனை காலம்! உச்சி திரும்புவதற்குள் எல்லாம் வடிந்து சேறாகிவிட்டது.

வரம்பெல்லாம் வளைகள். ஒன்றுக்குள் கைவிட்டாள். சுரீரென்று கடித்தது. இழுத்தபோது விரலைக் கவ்வியபடி சிவப்புச் சிங்கி தொங்கியது.

"இது நண்டில்லையே. எங்கால வந்தது?" என்றான் மஜீட். பக்கத்து வயல்காரரும் கூடிவிட்டார்கள். அவர்களுடைய வரம்புகளும் ஒழுகிக்கொண்டிருந்தன.

எல்லாரும் குனிந்து அந்தச் சிங்கியைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவள் சிரித்தாள், அல்லது அழுதாள்.

"நான்தான் விட்டன். ஒன்னய அழிக்கத்தான் விட்டன், மஜீட். ஒனக்கிட்ட நான் மாப்புக் கேக்கல்ல. இவங்களுக்கிட்டக் கேக்கிறன். எண்ட தண்ணிக்காக நான் அரசாங்கக் கச்சேரிப் படியில ஏறியிருக்கணும். சாக்கோட வாய்க்காலுக்கு வந்திருக்கக் கூடா. திங்கிறதுக்கு வந்தத உயிரோட தண்ணில விடாதெண்டு சட்டம் சொன்னது ஒருத்தனுக்காக இல்ல, வட்டைக்காக. பழி வாங்கிறவளுக்கு எதிரிட வயல் மட்டும்தான் தெரியும். தண்ணிக்கு ஆர்ர வயலெண்டு தெரியாது. இத ஒங்கட புள்ளையளுக்கும் சொல்லிவைங்க."

முறைத் தண்ணீரை மில்காரருக்குத் திருப்பிய குற்றத்துக்காக விவசாயிகள் கூடி மஜீடை விதானை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜவுபரின் அனுமதி பறிபோனது. வாடியைப் பூட்டிவிட்டு அவன் சவூதிக்குப் போனான். ராத்தாவோடு மறுபடி கதைக்கவில்லை. றம்ஸியா வயல் இல்லாமலே நிந்தவூரில் ஒரு தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். வட்டைக்காரர் வாய்க்காலை வற்றவிட்டு, வரம்புகளை வெட்டிப் புதிதாகக் கட்டினார்கள். அந்தப் போகம் யாரும் விதைக்கவில்லை. நாச்சியா சாகும்வரை வயலை விற்கவில்லை, மஜீடை மன்னிக்கவுமில்லை. சிங்கிகள் முற்றாக ஒழியவில்லை.